முடிச்சுப் பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பாறையேற்ற வீரர் ராயல் ராபின்ஸின் வாழ்க்கையைப் பற்றி அண்மையில் படித்தேன். அவருடைய ஏற்றங்களில் எதை உச்சம் என்பீர்கள்? இன்னொன்றும் உறுத்துகிறது. அத்தனை பெரிய சாகசக்காரர், முடிச்சு போடுவது எப்படி என்றெல்லாம் கையேடு எழுதி நேரத்தை ஏன் வீணாக்கினார்?

கே.

அன்புள்ள கே.,

1968இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில், எல் காபிடன் என்ற பெரும்பாறையின் மியூர் சுவரில் அவர் தனியாக ஏறியதைச் சொல்வேன். 1957இல் அதே பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறையின் வடமேற்கு முகத்தில் முதன்முதலாக ஏறிய மூவரில் அவரும் ஒருவர்; அதைச் சொன்னாலும் தவறில்லை. இந்தத் தரவரிசையில் எனக்கு ஆர்வமில்லை.

'வீணாக்கினார்' என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. 1971இல் வந்த அவருடைய 'பேசிக் ராக்கிராஃப்ட்' கையேட்டை ஒரு வாரமாக மறுபடியும் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் எந்தக் கையேட்டையாவது கையில் கயிற்றோடு படித்திருக்கிறீர்களா? படிக்காமலே எப்படி இப்படி ஒரு சொல்லைப் போட்டீர்கள்?

எனக்கு அப்போது இருபது வயது. பாறையடியில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டே கயிற்றை இடுப்புவாரில் கட்டினேன். கீழே நின்று கயிறு பிடிக்க வேண்டிய அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒரே இழுப்பு. முடிச்சு என்று நான் நம்பியிருந்தது அவிழ்ந்து அவர் கையோடு போனது. பிறகு பையிலிருந்து ஓரம் கசங்கிய ஒரு கையேட்டை எடுத்து, முடிச்சுப் பக்கத்தைத் திறந்து, உரக்கப் படிக்கச் சொன்னார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. படித்தேன், கட்டினேன். கை நடுங்கியது. அதை எழுதியவர் யாரென்றுகூட அன்று பார்க்கவில்லை.

கதையில் ஒரு வரி குழம்பினால் திரும்பிப் படித்துக்கொள்ளலாம். பாறையில் தொங்குகிறவர் எங்கே திரும்புவது? அமெரிக்கப் பாறையேற்ற வீராங்கனை லின் ஹில் போன்ற மேதையே 1989இல் பிரான்சின் பூவூ பாறைகளில் முடிச்சைக் கட்டி முடிக்க மறந்து விழுந்தார். கீழே இருந்த மரம் காப்பாற்றியது. இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருவரின் விரல்களுக்காக ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கவே ஒரு மாலை போய்விடும்.

ராபின்ஸ் முடிச்சோடு நிற்கவில்லை. ஏறுகிறவர்கள் கயிற்றை மாட்ட ஆணிகளை அடித்து அடித்துப் பிடுங்கியதில் யோசெமிட்டியின் பாறைப் பிளவுகள் புண்ணாகிக்கொண்டிருந்தன. 1966இல் இங்கிலாந்து சென்றபோது, அங்குள்ளவர்கள் 'நட்' எனப்படும் உலோகத் துண்டுகளைப் பிளவில் கையாலேயே செருகி, கையாலேயே எடுப்பதைக் கவனித்தார். மறு ஆண்டு மனைவி லிஸ்ஸுடன் ஓர் ஆணிகூட அடிக்காமல் யோசெமிட்டியின் 'நட்கிராக்கர்' என்ற ஏற்றத் தடத்தில் ஏறினார். ஏறியதோடு விடாமல், அதைப் பற்றி எழுதினார். சுத்தியலைத் தூக்கிச் சென்றவர்கள் அதைக் கீழே வைக்கத் தொடங்கியதில் அந்த எழுத்துக்கும் பங்குண்டு. இதுவா வீண்?

அவர் இலக்கியமாக எழுதியிருக்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். கட்டுரைகளும் எழுதினார், தன்வரலாறும் எழுதினார்; தேடிப் படியுங்கள். மூட்டுவாதம் பிடித்து, கடினமான ஏற்றங்களைக் கைவிட நேர்ந்தபோது கயாக் படகில் ஆறுகளில் இறங்கினார். 2017இல் மறைந்தார்.

உங்கள் மேல் கோபமில்லை, கே. அவரை நேசித்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் எட்டு வடிவ முடிச்சைப் போடும் முறையைப் படமில்லாமல், நான்கே வாக்கியங்களில் எழுதி அனுப்புங்கள். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறேன்.