குதிரையில் வரும் ஹீலர்: ஃபயர் எம்பளம் ட்ரூபடோர் கேள்வி பதில்

நின்டெண்டோவின் ஃபயர் எம்பளம் வியூக வீடியோ கேம் தொடரில் குதிரை மேல் வந்து குணப்படுத்தும் வகுப்பு ட்ரூபடோர். ப்ரமோஷனுக்கு (உயர் வகுப்புக்கு மாறுவதற்கு) பிறகு பெரும்பாலும் வால்கிரி. இதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

நடந்து வரும் ஹீலரான கிளெரிக் இருக்கும்போது ட்ரூபடோர் எதற்கு?

வேகத்துக்குத்தான். ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்) ஆட்டங்களில் கிளெரிக் ஒரு டர்னில் 5 கட்டம் நகர்வார், ட்ரூபடோர் 7, வால்கிரி 8. கிளெரிக்கை வைத்திருந்தால், அடுத்த டர்னில் யாருக்கு அடி விழும் என்று யூகித்து முன்கூட்டியே பக்கத்தில் நிறுத்த வேண்டும். ட்ரூபடோரைப் பத்திரமாகப் பின்னால் வைத்துவிட்டு, அடி விழுந்த பிறகு அனுப்பலாம். மற்ற குதிரைவீரர்கள் முன்னே பாயும்போது கூடவே போகக்கூடிய ஹீலரும் இவர்தான்.

குணப்படுத்திவிட்டு மீதிக் கட்டங்களில் பின்வாங்க முடியுமா அண்ணா?

ஜிபிஏ ஆட்டங்களில் முடியாது. ஸ்டாஃப் (குணப்படுத்தும் கோல்) பயன்படுத்தியதும் அவருடைய டர்ன் முடிந்துவிடும். பின்னால் வந்த அவேக்கனிங், ஃபேட்ஸ் ஆட்டங்கள் இரண்டிலும் அந்த வசதி இல்லை. த்ரீ ஹவுசஸ் ஆட்டத்தில் கான்டோ (செயலுக்குப் பிறகு மீதிக் கட்டங்கள் நகரும் திறன்) இருப்பதால் தாராளமாகத் திரும்பலாம்.

என் ட்ரூபடோர் பிரிசில்லா ஸ்டாஃபைத் தவிர வேறு எதற்கும் பயன்படவில்லை. அவருக்கு வேறு என்ன வேலை கொடுப்பது?

ஆள் தூக்கும் வேலை! பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஜிபிஏவில் தரையில் நிற்பவருடைய எய்டு (ஆள் தூக்கும் வலு), அவர் உடல் எடையில் (கான்) ஒன்று குறைவு. குதிரையில் இருக்கும் பெண்ணுக்கோ 20இலிருந்து கானைக் கழிக்க வேண்டும். கான் 5 உள்ள பெண் தரையில் நின்றால் எய்டு வெறும் 4. குதிரையில் இருந்தால் 15. அதாவது ஒல்லியாக இருப்பவர்தான் கனமான ஆளைத் தூக்குவார். தூக்கிய பிறகு கட்டம் மீதமிருந்தால் அதே டர்னில் பின்னால் வந்துவிடலாம். இன்னொருவர் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு இன்னும் தூரம் கொண்டுபோகலாம். சாக இருந்த ஆளை இப்படி இரண்டு குதிரைகள் மாற்றி மாற்றிக் காப்பாற்றுவதைப் பார்த்தால் இந்த வகுப்பின் மேல் தனி மதிப்பே வந்துவிடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஆளைச் சுமக்கும்போது வேகமும் திறனும் பாதியாகும், எதிரி எட்டும் இடத்தில் நிறுத்தாதீர்கள்.

லெவல் ஏறவே மாட்டேன் என்கிறாரே?

ஜிபிஏவில் சாதாரண ஹீல் ஸ்டாஃபுக்கு ஒரு தடவை 11 எக்ஸ்பிதான் (அனுபவப் புள்ளி), ஒரு லெவலுக்குச் சுமார் பத்து தடவை வேண்டும். ஆகவே சின்னக் கீறலையும் விடாமல் குணப்படுத்துங்கள். லெவல் 10 வந்ததும் நான் ப்ரமோட் செய்துவிடுவேன். 20 வரை காத்திருந்தால், அதுவரை அவரால் திருப்பி அடிக்கவே முடியாது.

ஜிபிஏவின் சேக்ரட் ஸ்டோன்ஸில் ட்ரூபடோர் லாராகெலுக்கு வால்கிரியா, மேஜ் நைட்டா?

வால்கிரிக்கு ஒளி மந்திரம், மேஜ் நைட்டுக்கு அனிமா (இயற்கை மந்திரம்). இருள் மந்திரக்காரர்களை ஒளி வெல்லும் என்பதால் என் ஓட்டு வால்கிரிக்கு. ஆனால் அரக்கர்களை அழிக்கும் ஸ்லேயர் திறன் பிஷப்புக்கு மட்டும்தான், அதை இவரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஃபேட்ஸ் கான்க்வெஸ்டில் ட்ரூபடோர் எலிஸ் ஒரே அடியில் போய்விடுகிறார்.

அவரைத் தனியாக நிறுத்தவே கூடாது. எலிஸ் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் அந்தத் தோழருக்கு விழும் அடி 3 குறையும், அந்தத் தோழர் கொடுக்கும் அடி 1 கூடும். அதனால் சண்டை போடுபவரின் முதுகுக்குப் பின்னால்தான் அவருக்கு இடம். ப்ரமோட் செய்யும்போது ஸ்ட்ராடஜிஸ்ட் ஆனால் குதிரை தொடரும். மெய்ட் ஆனால் இறங்கிவிடுவார். குதிரையை விடாதீர்கள்.

த்ரீ ஹவுசஸில் குதிரையில் வரும் ஹோலி நைட் வகுப்பா, நடந்து வரும் கிரெமரி வகுப்பா?

கிரெமரியில் மந்திரங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும், ஒரே தடவை கிடைக்கும் வார்ப் (தோழரை வேறு இடத்துக்கு அனுப்பும் மந்திரம்) இரண்டு தடவையாகும். வார்ப் கற்கும் பெண் கதாபாத்திரம் என்றால் கிரெமரிதான், யோசிக்கவே வேண்டாம். மற்றவர்களுக்கு, குறிப்பாக கிரெமரி ஆக முடியாத ஆண்களுக்கு, 7 கட்டமும் கான்டோவும் உள்ள ஹோலி நைட் நல்லது.

எதற்குப் பயப்பட வேண்டும்?

குதிரைவீரர்களைக் கடுமையாகத் தாக்கும் ஹார்ஸ்ஸ்லேயர் ஈட்டிக்கு. அப்புறம் பாலைவன மேப்புக்கு: அங்கே மந்திரக்காரர்கள் சாதாரணமாக நடப்பார்கள், குதிரை சிக்கித் திணறும். அந்த ஒரு மேப்பில் கிளெரிக்கையே கூட்டிப் போங்கள்.