காரைக்குடியில் படித்துவிட்டு கணினிவழிப் புரத வடிவமைப்பில் ஆராய்ச்சியாளர் ஆக முடியுமா?

தாராளமாக முடியும் தம்பி. அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கிறேன், லேப் பக்கம் போகாமல் கோடிங்கை மட்டும் வைத்து, புதுப் புரதங்களைக் கணினியில் வடிவமைக்கிற இந்தத் துறைக்குள் நுழையலாமா, அப்பச்சியிடம் (அப்பாவிடம்) என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தேவகோட்டைதான். இதே துறையில் பிஎச்.டி. முடித்து இப்போது போஸ்ட்டாக்கில் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணியில்) இருக்கிறேன்.

கோடிங் மட்டும் போதாது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் பேக்கரின் குழு 2003-ல் டாப்7 என்ற 93 அமினோ அமிலப் புரதத்தை, அதுவரை இயற்கையில் யாரும் பார்த்திராத மடிப்பு வடிவத்தோடு செய்து காட்டியது. கணினியில் போட்ட மாதிரியும் எக்ஸ்ரேயில் தெரிந்த வடிவமும் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தின. அதனால்தான் உலகம் நம்பியது. 2024 வேதியியல் நோபலில் பாதி அவருக்குப் போனது. இன்றைக்கு ஆர்எஃப்டிஃப்யூஷன், புரோட்டீன்எம்பிஎன்என் போன்ற புரத வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாமே இலவசம். ஹாஸ்டலில் உட்கார்ந்து இணையத்தில் கோடு ஓட்டும் கூகுள் கோலாப்பிலேயே டிசைன் எடுத்துவிடலாம். உங்களால் முடிகிறதென்றால் உலகத்தில் எல்லா மாணவருக்கும் முடிகிறது.

ஆள் தனித்துத் தெரிவது லேபில்தான். டிசைனுக்கான ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றி, செல்லை உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, ஜெல் ஓட்டிப் பாருங்கள். புரத வடிவத்தைக் கணிக்கும் ஏஐ மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டு நூற்றுக்கு 90-க்கு மேல் மதிப்பெண் கொடுத்த புரதம்கூட, மேலே தெளிந்த கரைசலில் ஒரு கீற்றுகூட இல்லாமல், அடியில் படிந்த வண்டலில் தடித்த நீலப் பட்டையாக நிற்கும். சரியாக மடியாமல் கட்டிதட்டிப் போயிருக்கிறது. எது இப்படிப் போகிறது, எது கரைகிறது என்று தன் கையால் பார்த்தவருக்குத்தான் அடுத்த டிசைனில் எந்த அமினோ அமிலத்தை மாற்றலாம் என்று பிடிபடும். ஆகவே கைடைத் தேடும்போது, "இங்கே டிசைன் செய்ததை யார் எக்ஸ்பிரஸ் செய்து (செல்லில் உண்டாக்கி) பார்க்கிறார்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு லேப் பாருங்கள்.

அடிப்படையை விட்டுவிடாதீர்கள். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு போட்ட வரைபடத்தில்தான் இன்றும் எந்தப் புரத மாதிரியையும் சரிபார்க்கிறோம். அதில் வரும் ஃபை, சை கோணங்களை, அதாவது புரதச் சங்கிலி திரும்பும் கோணங்களை, நீங்களே பைத்தானில் கணக்கிட்டு வரைந்து பாருங்கள்.

இனி அப்பச்சி விஷயம். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி ஊக்கத்தொகை) கிடைத்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி.க்கு 5, 6 வருடம், அதன்பின் போஸ்ட்டாக். நிரந்தர வேலை குறைவு, போட்டி கடுமை. பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போன ஊர் நம்முடையது. வெளியே போவது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. முப்பது வயது தாண்டியும் பையன் ஊக்கத்தொகையில் இருப்பதுதான் அவர்களுக்குக் கவலை. தொகையையும் வருடத்தையும் இப்போதே மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அறிவியல் அகாதமிகள் தரும் கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு இந்த வருடமே விண்ணப்பியுங்கள். போன இடத்தில் கணினி முன்னால் உட்காரச் சொன்னாலும், பிப்பெட் பிடிக்கிற வேலையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.