மருந்தைப் பல அடுக்குப் பல்பகுதியங்களால் (பொலிமர்களால்) மூடுவது ஏன்? ஒரே உறை போதாதா?

கொழும்பில் மருந்தாளராக வேலை பார்ப்பதால், அன்றாடம் கைக்கு வரும், இரைப்பை அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கப்சியூலை வைத்தே பதில் சொல்கிறேன். 1988இல் விற்பனைக்கு வந்த இம்மருந்து அமிலத்தில் சிதைந்துவிடும் என்பதால், கப்சியூலுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு உருண்டைகள் ஒவ்வொன்றின் மீதும், இரைப்பையில் கரையாமல், பீ.எச். பெறுமானம் (அமிலம் குறையக் குறைய உயரும் அளவு) 5.5ஐத் தாண்டும் சிறுகுடலில் மாத்திரம் கரைகின்ற மெதக்ரிலிக் அமிலப் பல்பகுதியத்தைப் பூசுகிறார்கள். பலரும் கவனிக்காத விடயம், அந்தக் காவல் படையே ஓர் அமிலம் என்பதுதான். அது மருந்தை நேரே தொட்டால், விழுங்குவதற்கு முன்பே, இறாக்கையில் இருக்கும்போதே மருந்து கெடத் தொடங்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஹைப்ரோமெல்லோஸ் போன்றதொரு நடுநிலையான படை தேவைப்படுகிறது. மருந்துப் படை, நடுப்படை, வெளிப்படை ஆகிய மூன்றிலும் என் பார்வையில் கெட்டித்தனமானது இந்த நடுப்படைதான்.

வெள்ளவத்தைப் பக்கத்துத் தாய்மார், "தம்பி, பிள்ளை கப்சியூல் விழுங்குதில்லை, திறந்து பாலில கலந்து குடுக்கட்டோ?" என்று கேட்பதுண்டு. பாலின் பீ.எச். ஏறத்தாழ 6.6 என்பதால் வெளிப்படை கோப்பையிலேயே கரைந்துவிடும். சற்றுப் புளிப்பான யோகட்டில் கலந்து, உருண்டைகளைக் கடிக்காமல் உடனே விழுங்கச் செய்வதே சரி. ஆயினும் பிள்ளைக்குரிய அளவை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மருந்து வெளிவரும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் அடுக்குகளின் வேலையே. மேற்கையின் தோலுக்கடியில் வைக்கும், 4 செ.மீ. நீளமுள்ள கருத்தடைக் குச்சியில், 68 மி.கி. ஹோர்மோன் கலந்த உள்ளகத்தை மருந்தில்லாத மெல்லிய பல்பகுதியத் தோல் மூடியிருக்கிறது. அதனூடாக மருந்து குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் சிறிது சிறிதாகக் கசிந்து வருகிறது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, சிரோலிமஸ் என்ற மருந்து பூசிய இதயக் குழாய் ஸ்டென்டிலும் (அடைபட்ட குழாயை விரித்து வைக்கும் வலைக்குழலிலும்) இதே நோக்கத்துக்காக மருந்தில்லாத மேற்படை ஒன்று இருந்தது.

ஆய்வுகூடங்களில் இன்னும் நுணுக்கமாகச் செய்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் கெரோ டெஹர் என்ற விஞ்ஞானி வளர்த்தெடுத்த முறையில், நேரேற்றமுள்ள கைற்றோசான், எதிரேற்றமுள்ள அல்ஜினேற்று ஆகிய இரு பல்பகுதியங்களை மாறி மாறிப் படியவிட்டு, நனோமீற்றர் அளவிலான படைகளைக் கட்டலாம். ஒவ்வொரு படைக்குப் பின்னும் கழுவ வேண்டியிருப்பதால் உற்பத்தி மெதுவாகிறது. தெளித்துப் பூசும் முறை அதை ஓரளவு விரைவுபடுத்தினாலும், சாதாரணக் குளிசைகளுக்கு இவ்வளவு வேலைப்பாடு கட்டுப்படியாகும் என்று நான் நினைக்கவில்லை.