தாத்தாவின் சர்க்கரையும் ராணித்தேனீயின் சோறும்

பரம்பரை, உணவு, மரபணு பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் சில.

ராயல் ஜெல்லி சாப்பிட்டால் மரபணுவே மாறி ஆயுசு கூடும் என்று விற்கிறார்கள். வாங்கலாமா டாக்டர்? நான் தேன்பெட்டி வைத்திருக்கிறேன்.
– மார்த்தாண்டம் வாசகர்

வாங்க வேண்டாம். மனிதருக்கு அது ஆயுசைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் உங்கள் பெட்டிக்குள் நடப்பது சாதாரண விஷயமும் இல்லை. ராணியாகப் போகும் புழுவுக்கும் வேலைக்காரத் தேனீயாகப் போகும் புழுவுக்கும் மரபணுவில் வித்தியாசம் கிடையாது. முதல் மூன்று நாள் இரண்டுக்கும் வேலைக்காரத் தேனீக்கள் சுரக்கும் பால்தான்; அதுதான் ராயல் ஜெல்லி. பிறகு, அடையின் ஓரத்தில் நிலக்கடலைபோலத் தொங்கும் அந்த அறையில் கிடப்பதற்கு மட்டும் பால் தொடர்கிறது. மற்றவற்றுக்குத் தேனும் மகரந்தமும். ஒன்று வருஷக்கணக்கில் இருந்து முட்டையிடுகிறது, மற்றது சில வாரம் பறந்து செத்துப்போகிறது.

மரபணுவின்மேல் ‘மெத்தில்’ என்ற சின்ன வேதிப்பூட்டை மாட்டும் ஒரு நொதி தேனீயிடம் உண்டு. 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதைப் புழுக்களில் அடக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலான புழுக்கள் ராணிபோலவே வளர்ந்து வந்தன. சோறு செய்த வேலை எங்கே நடக்கிறது என்று அதில் தெரிந்தது. நம் உடம்பிலும் இதே மாதிரிப் பூட்டுகள் இருக்கின்றன. சுமார் 20,000 மரபணுக்கள் கண்ணிலும் உண்டு, கல்லீரலிலும் உண்டு. எங்கே எது திறந்திருக்கிறது என்பதில்தான் கண் கண்ணாகிறது. உணவு, புகை, உறக்கம், உழைப்பு எல்லாம் இந்தப் பூட்டுகளில் சிலவற்றைத் தொடுகின்றன.

தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லாருக்கும் சர்க்கரை. எனக்கு 34 வயது. “உனக்கும் எழுதினதுதான்” என்கிறார் மைனி.
– தக்கலை வாசகர்

மைனி சொல்வதில் பாதி சரி. வீட்டில் பலருக்குச் சர்க்கரை இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதல்தான். மறுபாதி இது: சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களை வைத்துச் சென்னையில் நடந்து, 2006-ல் வெளியான ஆய்வில், நடையையும் உணவையும் ஒழுங்குபடுத்தியவர்களிடம் நோய் வருவது 28.5% குறைந்தது. மருந்து இல்லாமலே. எல்லாரும் தப்பவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தப்பியவர்களிலும் பரம்பரை உள்ளவர்கள் இருந்தார்கள். இந்த வாரமே வெறும்வயிற்றில் ரத்தம் பாருங்கள்.

மரச்சீனியும் மீன்கறியும் இனி தொடக்கூடாதா?
– இரணியல் வாசகி

விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய மரவள்ளிக் கிழங்கு, பஞ்ச காலத்தில் நம் பாட்டிமாரின் அடுப்பைக் காத்த கிழங்கு. அதை விடச்சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அது முழுக்க மாவுச்சத்து. வயலிலிருந்து வந்தவர் சாப்பிட்ட அதே தட்டை, நாற்காலியிலிருந்து எழுந்து வந்து சாப்பிடுகிறோம். நாலு துண்டு கிழங்கு, தண்ணீரை வடித்து வேகவைத்தது. பக்கத்தில் சாளை மீன் புளிமுளம். முருங்கைக்கீரைத் துவரன் ஒரு கை நிறைய. சாளையின் ஒமேகா-3 கொழுப்பு செல்லுக்குள் போய், கொழுப்பை எரிக்கும் மரபணுக்களைத் தூண்டுகிறது. பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். அதோடு சோறும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். பிள்ளை உண்டாகும் முன்பே போலிக் ஆசிட் மாத்திரை எதற்கு?
– குளச்சல் வாசகி

மக்களே, இதில் தாமதிக்காதே. கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழல், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், பிள்ளை உண்டானது பலருக்கு உறுதியாகும் முன்பே அந்த வேலை முடிந்துவிடுகிறது. முன்கூட்டியே தினமும் 400 மைக்ரோகிராம். மெத்தில் பூட்டுகளுக்கான சரக்கில் ஒரு பங்கும் போலேட்டிலிருந்து வருகிறது; போலிக் ஆசிட் அந்தச் சத்தின் மாத்திரை வடிவம்.

தாய் வயிற்றில் பட்ட பசி எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் கருவானவர்களை 60 வருஷம் கழித்துச் சோதித்தபோதும், வளர்ச்சிக்கான ஒரு மரபணுவில் பூட்டுகள் குறைவாக இருந்தன. ஆகவே மசக்கையிலும் ஏதாவது இறங்கட்டும்: கஞ்சி, மட்டிப்பழம், எதுவானாலும்.

உமிழ்நீரை அனுப்பினால் என் மரபணுவுக்கு ஏற்ற டயட் தருவார்களாமே?
– நாகர்கோவில் வாசகர்

காசை மீன் வாங்க வையுங்கள். 2018-ல் ஸ்டான்போர்டில் 609 பேரை ஒரு வருஷம் பார்த்தார்கள். மரபணுவுக்குப் பொருந்திய டயட் எடுத்தவர்களுக்குக் கூடுதலாக எடை குறையவில்லை.

ரப்பர் பால்வெட்டுக்கு விடியற்காலை எழும்புகிறேன், பீடி இல்லாமல் முடியவில்லை. 20 வருஷப் பழக்கம். இனி விட்டு என்ன?
– குலசேகரம் வாசகர்

புகை விட்டுச்செல்லும் மெத்தில் தடங்களை ரத்தத்திலேயே பார்க்கலாம். நிறுத்தியவர்களிடம் அவற்றில் பெரும்பாலானவை சில வருஷங்களில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. சில மட்டும் நெடுநாள் நிற்கும். இன்றே விடுங்கள். ராத்திரி எட்டரைக்கே படுங்கள், உறக்கம் குறைந்தால் பீடி இழுக்கும்.

நடந்தால் மரபணு வரைக்குமா மாறும்?
– கோட்டாறு வாசகர்

ஸ்டாக்ஹோமில் 23 பேரை ஒரு காலால் மட்டும் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். வாரம் நான்கு முறை, 45 நிமிஷம், மூன்று மாதம். சாப்பாடு, உறக்கம், கவலை இரண்டு காலுக்கும் ஒன்றுதானே. தசையை எடுத்துப் பார்த்தபோது மிதித்த காலில் பூட்டுகள் ஆயிரக்கணக்கான இடங்களில் மாறியிருந்தன. சும்மா தொங்கிய காலில் அந்த மாற்றம் இல்லை.