பெடிக்யூருக்கு ஷூ போட்டுப் போகாதீர்கள்

கேள்வி: அடுத்த மாதம் தங்கை கல்யாணம். புதுச்சேரியில் மெனிக்யூர், பெடிக்யூர் இரண்டுக்கும் புக் செய்யப் போகிறேன். பார்லருக்கு இதுதான் முதல்முறை. என்ன செய்வார்கள்?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: மெனிக்யூர் கைக்கு, பெடிக்யூர் காலுக்கு. பெடிக்யூரில் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைப்பார்கள். நகம் வெட்டி, ராவி, குதிகாலைத் தேய்த்து, கிரீம் போட்டுப் பிடித்துவிடுவார்கள். பாதி பேர் அங்கேயே தூங்கிவிடுவார்கள். கடைசியில் பாலிஷ். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

போனில் புக் செய்யும்போதே, கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். வெறும் டெட்டால் தண்ணீரில் முக்கினால் போதாது. அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் இயந்திரம் இருந்தால் நல்லது. நகத்தடித் தோலை வெட்ட வந்தால், "வேண்டாம்மா, லேசா தள்ளிவிடு போதும்" என்று சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் கிருமி புகுந்து சீழ் வைக்கலாம். முந்தின நாள் காலில் வேக்சிங், ஷேவிங் வேண்டாம். சர்க்கரை இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம், செருப்பு. முதல்முறை நான் ஷூ போட்டுப் போனேன். கடலூர் பஸ் ஏறுவதற்குள் கட்டைவிரல் பாலிஷ் முழுக்க சாக்ஸில்! காசு கொடுத்தது சாக்ஸுக்குத்தான் என்று வீட்டில் இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.