தோல் பூட்ஸில் ஈரம்: ஒழுகுகிறதா, வியர்க்கிறதா?

கேள்வி: மலைப்பாதையில் நடப்பதற்காகத் தோல் பூட்ஸ் வாங்கி இரண்டு வருடமாகிறது. உள்ளே நீர் புகாத சவ்வு இருப்பதாகச் சொல்லித்தான் விற்றார்கள். முதல் வருடம் குறையே இல்லை. இப்போது மழையில் ஒரு மணி நேரம் நடந்தாலே காலுறை ஈரமாகிவிடுகிறது. மூன்று நான்கு தடவை எண்ணெய் தடவினேன். தோல் தொளதொளவென்று ஆனதுதான் மிச்சம். புதிதாக வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். காலுறை நனைந்தால் பூட்ஸ் ஒழுகுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல சமயம் அது வெளியிலிருந்து வந்த தண்ணீரே அல்ல, உங்கள் காலின் வியர்வை.

அந்தச் சவ்வு தண்ணீரை உள்ளே விடாது. வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும். ஆனால் வெளித்தோல் மழையில் நன்றாக ஊறிவிட்டால் ஆவி போக வழி அடைபட்டு, உள்ளேயே குளிர்ந்து நீராகிவிடும். சவ்வில் ஒரு பழுதும் இருக்காது. கால் மட்டும் சொதசொதவென்று இருக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். காய்ந்த பூட்ஸுக்குள் உலர்ந்த காகிதத்தைத் திணியுங்கள். ஒரு தொட்டியில், லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்குப் பகுதி பக்கத்துத் தோலோடு சேரும் இடத்துக்குக் கீழே நிற்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அதில் கால் மணி நேரம் வையுங்கள். மிதந்தால் உள்ளே ஏதாவது கனமான பொருளைப் போடுங்கள். காகிதம் காய்ந்தே இருந்தால் பூட்ஸ் நன்றாக இருக்கிறது. ஒரே இடத்தில் ஈரமானால் அங்கே தையலோ சவ்வோ போய்விட்டது. மேலே எதைப் பூசினாலும் அது சரியாகாது.

ஒழுகவில்லை என்றால் செய்ய வேண்டியது இதுதான். லேஸையும் உள்மெத்தையையும் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரும் பிரஷும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த சேறு தோலிலுள்ள எண்ணெய்ப்பசையை உறிஞ்சிவிடும். மடிப்புகளில் தங்கும் மணல் நடக்க நடக்கத் தோலை அறுக்கும். அழுக்கின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த மெழுகைப் பூசினாலும் ஒட்டாது. துணி துவைக்கும் சோப்பு மட்டும் வேண்டாம். அதன் மிச்சம் தோலில் தங்கி, தண்ணீரை உள்ளே இழுக்கும்.

அப்புறம் மெழுகு. மெல்லிய பூச்சாக, தையல்களிலும் நாக்கின் ஓரங்களிலும் விரலால் அழுத்தித் தேயுங்கள். மிகுந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். நீர் அடிப்படையில் செய்த மெழுகுகள் சிலவற்றை ஈரத்தோலில்தான் பூச வேண்டும், வேறு சிலவற்றுக்குத் தோல் காய்ந்திருக்க வேண்டும். டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். தோல் மென்மையான மயிர்ப்பரப்போடு இருந்தால், அதாவது நுபக், ஸ்வேட் வகை என்றால், மெழுகு அந்தப் பரப்பைப் படிய வைத்து நிறத்தையும் கருக்கிவிடும். அவற்றுக்கென்றே விற்கும் ஸ்ப்ரே வாங்குங்கள்.

எண்ணெயை இனித் தொடாதீர்கள். அது இழைகளுக்குள் ஊறித் தோலின் விறைப்பைப் போக்கிவிடுகிறது. கரடுமுரடான பாதையில் கணுக்காலைப் பிடித்து நிறுத்துவது அந்த விறைப்புதான். இறங்கிய எண்ணெயை முழுவதும் எடுக்க முடியாது. தோலுக்கான சோப்பால் கழுவினால் ஓரளவு குறையும்.

நேரம் வந்துவிட்டதா என்று தெரிய, தோலின் மேல் சில சொட்டு நீர் விடுங்கள். முத்துமுத்தாக உருண்டால் மெழுகு தேவையில்லை. உடனே கருத்து உறிஞ்சினால் பூசுங்கள். வேளை தவறாமல் மாதாமாதம் பூசுவதும் நல்லதல்ல.

இன்னொன்று, நனைந்த பூட்ஸை ஹீட்டர் பக்கத்திலோ அடுப்பருகிலோ கொளுத்தும் வெயிலிலோ வைக்காதீர்கள். தோல் சுருங்கி வெடிக்கும், அடிப்பாகமான சோலை (sole) ஒட்டிய பசை இளகும். நல்ல தோலைக் கெடுப்பதில் மழையைவிட இந்த அவசரம்தான் மோசம். செய்தித்தாளைத் திணித்து, அது ஈரமானதும் மாற்றி, காற்றோட்டமான நிழலில் விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் ஆகட்டும்.

கேள்வி: புதிது வாங்கத்தான் வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தையல் குறைவாக, பெரிய ஒரே துண்டுத் தோலில் செய்ததைத் தேடுங்கள். ஒவ்வொரு தையலும் தண்ணீருக்கு ஒரு கதவு. சவ்வு எல்லோருக்கும் தேவையில்லை. குளிரிலும் ஈரப்புல்லிலும் நடப்பவருக்கு அது உதவும். வெப்பத்தில் நடப்பவரும், கணுக்காலுக்கு மேல் ஓடும் நீரைக் கடப்பவரும் சவ்வில்லாத தோலையே வாங்கலாம். மேல்வாய் வழியாக உள்ளே போன நீர் சவ்வுள்ள பூட்ஸில் காய வெகுநேரம் எடுக்கும்.

தள்ளுபடியில் கிடக்கும் பழைய சரக்கு என்றால் எப்போது தயாரானது என்று கேளுங்கள். பல பூட்ஸ்களில் சோலின் நடு அடுக்கு பாலியூரிதேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் பட்டுப் பட்டு, பயன்படுத்தாமல் பெட்டியிலேயே கிடந்தாலும் சில வருடங்களில் அது பொடிந்துவிடும். அந்த அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ துகள் உதிர்ந்தாலோ வாங்காதீர்கள். சோலை மாற்றித் தைக்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். முடியும் என்றால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம், ஏனென்றால் பராமரித்த தோல் இரண்டு சோலுக்கு மேல் தாங்கும்.