கரி தட்டிய கணக்கு

வீட்டுக் காப்பீடு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கோவையில் தீ இழப்பு சர்வேயராக (எரிந்ததை நேரில் பார்த்து இழப்பை மதிப்பிடுபவராக) இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்து ஓட்டு வீடு. ஹாலில் விறகு எரிக்கும் கணப்பு. போன ஜனவரியில் ஒருநாள் ராத்திரி புகைபோக்கிக்குள் ரயில் ஓடுகிற மாதிரி சத்தம். பார்த்தால் உச்சியில் தீ. தீயணைப்பு வண்டி வந்து அணைப்பதற்குள் ஆறு கைமரமும் பாதி ஓடும் போய்விட்டன. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி இருக்கிறது. சர்வேயர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்போ சுத்தம் பண்ணீங்க? பில் எங்கே?” என்பதுதான். ஊர்க்காரர் ஒருவர் மூங்கிலில் முள்ளைக் கட்டி இழுத்துச் சுத்தம் செய்வார். ஐந்நூறு ரூபாய் கையில் கொடுப்போம். அவரிடம் பில்லுக்கு எங்கே போவது? தெரிந்த கடைக்காரர் பழைய தேதி போட்டு ஒரு பில் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (சீசனில் மட்டும் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேக்கு விடுவோம்.) – பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: வாங்காதீர்கள். மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை, கடைக்காரருக்கு முதலில் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குன்னூர்ப் பக்கம் ஒரு கிளைமில் இப்படித்தான் ஒரு பில் என் கைக்கு வந்தது. 2017 மார்ச் மாதத் தேதி. அழகான அச்சு, ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் கச்சிதம். கீழே சிஜிஎஸ்டி 9%, எஸ்ஜிஎஸ்டி 9% என்று வரி போட்டிருந்தது. ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது 2017 ஜூலை 1-ஆம் தேதி! அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், தீயும் நிஜமான தீ. அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் பணம் வந்திருக்கும். பொய் ஆவணம் கொடுத்தால் முழு கிளைமும் போகும் என்பது எல்லா பாலிசியிலும் உள்ள நிபந்தனை. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் என் லைசென்ஸ் போயிருக்கும்.

உங்கள் பயமே தேவையில்லாதது என்பதுதான் இதில் வேடிக்கை. பில் இல்லாததால் மட்டும் கிளைம் விழாது. தீ என்பது பாலிசியில் பெயர் சொல்லிக் காப்பீடு செய்த ஆபத்து. வேண்டுமென்றே செய்தது, செய்ய வேண்டியதை வேண்டுமென்றே செய்யாமல் விட்டது, இவற்றுக்குத்தான் பணம் கிடையாது. மறதிக்கும் சோம்பலுக்கும் அந்தப் பெயர் வைக்க முடியாது. கவனக்குறைவுக்காகத்தானே ஐயா மனிதர்கள் காப்பீடு எடுக்கிறார்கள்! 2023-இல் ஒரு கிடங்குத் தீ வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது: காப்பீடு எடுத்தவரே தீ வைத்தவராக இல்லாதவரை, எதனால் பற்றியது என்ற துல்லியமான காரணம் முக்கியமில்லை. விலக்கு விதி பொருந்தும் என்று வாதிட்டால் அதை நிரூபிக்க வேண்டியதும் கம்பெனிதான்.

அப்படியானால் சர்வேயர் ஏன் கேட்கிறார்? நானும் கேட்பேன். பதிலைவிட, பதில் மாறுகிறதா என்று பார்ப்பேன். முதல்நாள் “தீபாவளிக்கு முன்னாடி” என்பார்கள். மறுநாள் மகன் வந்து “வருஷா வருஷம் பண்றோமே” என்பான். மூன்றாம் நாள் ஏஜென்ட் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவருவார், அதில் வேறு தேதி இருக்கும். “ரெண்டு வருஷமா ஆள் கிடைக்கலை சார், பண்ணலை” என்று நேராகச் சொன்னவர்களின் கிளைம்களை நான் பரிந்துரைத்து அனுப்பியிருக்கிறேன், பணமும் வந்திருக்கிறது. மூன்று தேதி சொன்னவர்களுக்கு நான்கு மாதம் இழுத்தது.

இன்னொன்று, புகைபோக்கியே வாய் திறந்து பேசும். என் பையில் எப்போதும் ஒரு டார்ச், முகம் பார்க்கிற கண்ணாடி, பழைய சாவி மூன்றும் இருக்கும். கண்ணாடியைக் கணப்புக்குள் சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்தால் உள்சுவர் தெரியும். சாவியால் சுரண்டினால் பொடியாக உதிர்வது புதுக் கரி. தகடு தகடாக வந்தால் சில சீசன் ஆகியிருக்கிறது. தார் பூசியதுபோல் மினுமினுத்துச் சாவியே வழுக்கினால் வெகுகாலமாக யாரும் தொடவில்லை. க்ரியோசோட் என்பது இதுதான். ஈர விறகின் புகை மேலே ஏறும்போது குளிர்ந்து சுவரில் படிந்துவிடும். உங்கள் மலையில் சீகையையும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) வெட்டிய சூட்டோடு எரிக்கிறார்கள், அந்தப் பிசின் முழுவதும் குழாய்க்குள்தான் போய் ஒட்டும். அது பற்றிக்கொண்டால் உள்ளே 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நீங்கள் கேட்ட ரயில் சத்தம் அதுதான். பழைய வீடுகளில் கைமரத்தின் முனையைப் புகைபோக்கிச் செங்கல்லுக்குள்ளேயே செருகியிருப்பார்கள். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடுக்கு வழியாகச் சூடு போய், மரம் வருஷக்கணக்கில் உள்ளுக்குள் கருகிக்கொண்டே இருக்கும். ஆறு கைமரம் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். திரும்பக் கட்டும்போது மரத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: விழுந்த கரியையும் செங்கல்லையும் வாரிக் கொட்டாதீர்கள், சர்வேயர் சொல்லும்வரை கிடக்கட்டும். சுத்தம் செய்பவருக்கு ஒருமுறையாவது ஜிபேயில் பணம் அனுப்பினீர்களா? வங்கிக் கணக்கில் தேதியோடு நிற்கும். வாட்ஸ்அப்பில் “நாளைக்கு வாப்பா” என்று ஒரு வரி இருந்தாலும் அது ஆவணம்தான். எதுவும் இல்லையென்றால் அவரையே கூட்டிவந்து சர்வேயரிடம் பேச வையுங்கள். மூங்கிலையும் முள்ளையும் காட்டட்டும். தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையை வாங்கிவிடுங்கள். சர்வே ரிப்போர்ட்டின் நகலையும் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாதது, போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த ஹோம்ஸ்டே. பாரத் கிருஹ ரக்ஷா குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி. வீட்டின் பயன்பாடு மாறினால் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. காசு வாங்கி விருந்தாளிகளைத் தங்கவைப்பது பயன்பாட்டு மாற்றமா இல்லையா என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தை எதிராளி தொடங்கிவைக்க இடம் கொடுக்கக் கூடாது. தீப்பிடித்த இரவில் விருந்தாளி யாராவது இருந்தார்களா? கேட்டால் மறைக்காதீர்கள், முன்பதிவு விவரம் எப்படியும் இணையத்தில் இருக்கும். யாரும் இல்லை, வீட்டார் மட்டும்தான் குளிர் காய்ந்தோம் என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். கிளைம் முடிந்த கையோடு ஹோம்ஸ்டேயைத் தெரிவித்து, அதற்குத் தகுந்த பாலிசிக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: சமையலறை சிம்னியில் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடித்து, மேல் அலமாரி, ஃபால்ஸ் சீலிங், மிக்ஸி எல்லாம் எரிந்தன. “சிம்னிக்குப் பணம் கிடையாது, சர்வீஸ் செய்த ரெக்கார்டும் இல்லை” என்று சொல்கிறார்கள். ஆட்டோ கிளீன் சிம்னிக்கு எதற்கு சர்வீஸ்? – திருப்பூர் வாசகி

பதில்: அம்மா, அவர்கள் இரண்டு விஷயத்தைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார்கள். பிரித்துவிடலாம். ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்த அந்த மின்கருவிக்கு மட்டும் பணம் இல்லை என்பது பாலிசியில் இருக்கிறது, அது சரி. ஆனால் அந்த விலக்கு அந்த ஒரு கருவியோடு நின்றுவிடும். அதிலிருந்து தீ பரவி எரிந்த அலமாரிக்கும் சீலிங்குக்கும் மிக்ஸிக்கும் அது பொருந்தாது. “சிம்னி நீங்கலாக மற்றவற்றுக்கு மதிப்பிட்டுத் தாருங்கள்” என்று கடிதம் எழுதுங்கள். மிக்ஸி வகையறாவுக்கு: வீட்டுப் பொருட்களுக்கென்று நீங்கள் தனியாகத் தொகை எழுதாவிட்டாலும், கட்டடத் தொகையில் 20%, அதிகபட்சம் ரூ. 10 லட்சம் வரை பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியிலேயே சேர்ந்து வரும். பலருக்கு இது தெரிவதில்லை.

சர்வீஸ் ரெக்கார்டு இல்லை என்பதற்கு மேலே கோத்தகிரிக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

ஆட்டோ கிளீனைப் பற்றிச் சொல்கிறேன். அது உள்ளே சூடேற்றி எண்ணெய்ப் பிசுக்கை உருக்கி ஒரு கிண்ணத்தில் விடும், அவ்வளவுதான். கிண்ணத்தைக் காலி செய்வது நம் வேலை. வெளியே போகிற குழாயை அது தொடுவதே இல்லை. அபார்ட்மென்டுகளில் அலுமினியக் குழாயை மூன்று வளைவு வளைத்து, சீலிங்குக்கு மேலே மறைத்துவிடுகிறார்கள். எண்ணெய் தங்குவது அந்த வளைவுகளில்தான். சர்வீஸ் ஆள் வந்தால் ஜாப் கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார், நமக்கான நகலை அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுவோம். அதை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளைவைப் பார்த்தாரா என்றும் கேளுங்கள்.

கம்பெனி மறுத்தால், அல்லது புகார் கொடுத்து ஒரு மாதம் பதிலே இல்லாவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், ரூ. 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம்.

கேள்வி: சிம்னியை ஒழுங்காகச் சுத்தம் செய்து பில் காட்டினால் பிரீமியம் குறைப்பார்களா? – சேலம் வாசகர்

பதில்: எனக்குத் தெரிந்து யாரும் குறைத்ததில்லை. ஆனாலும் செய்யுங்கள். வீடு எரியாமல் இருப்பது நல்ல தள்ளுபடி.

கேள்வி: லண்டன் ஹாரோவில் என் மகள் பழைய வீடு வாங்கியிருக்கிறாள். விறகு அடுப்பு ஒன்று இருக்கிறது. காப்பீட்டு பாலிசியில் “வருடம் ஒருமுறை புகைபோக்கி சுத்தம் செய்து சான்று வைத்திருக்க வேண்டும்” என்று தனி நிபந்தனை. முன்பு இருந்தவர்கள் எந்தக் காகிதமும் தரவில்லை. – மயிலாப்பூர் வாசகி

பதில்: அங்கே கதை வேறு. நம் ஊரில் கேள்வியாக மட்டும் வருவது அங்கே பாலிசியில் நிபந்தனையாகவே அச்சாகியிருக்கிறது. எனவே முதல் தீ மூட்டுவதற்கு முன்பே ஸ்வீப்பை (புகைபோக்கி சுத்தம் செய்பவரை) வரவழைத்துச் சான்றிதழ் வாங்கிவிடச் சொல்லுங்கள். வருடம் ஒருமுறை என்பது பாலிசிக்குப் போதும், அடுப்புக்குப் போதாது. விறகு எரிப்பவர்கள் பயன்படுத்தும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்பது லண்டன் தீயணைப்புத் துறையின் அறிவுரை. புகையில்லா நிலக்கரிக்குத்தான் ஆண்டுக்கு ஒன்று.

முன்பு இருந்தவர்கள் செய்தார்களா என்று கம்பெனி கேட்டால், “செய்திருப்பார்கள்” என்று ஊகித்துச் சொல்லவே வேண்டாம். தெரியாது என்பதே சரியான பதில். சான்று இல்லாத நேரத்தில் புயலில் ஓடு பறந்தாலோ திருடு போனாலோ பயப்பட வேண்டியதில்லை. அந்த நாட்டின் 2015 காப்பீட்டுச் சட்டத்தில் 11-ஆவது பிரிவு இருக்கிறது. நிபந்தனையை மீறியதால் நடந்த இழப்பின் ஆபத்து கூடியிருக்க வாய்ப்பே இல்லையென்றால், அதைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது. புகைபோக்கித் தீ என்றால் அந்தப் பிரிவு கைகொடுக்காது. தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்குப் புகார். எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் ஆறு மாதத்துக்குள் அங்குள்ள நிதி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், அதுவும் இலவசம்தான். அடுப்பு உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். காகிதத்தைவிட அது அவசரம்.

கேள்வி: புகைபோக்கி சுத்தம் செய்த கணக்கை ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம் என்றிருக்கிறேன். என்னதான் எழுதுவது? – ஊட்டி வாசகர்

பதில்: குன்னூரில் ஒரு பாட்டியம்மா வைத்திருந்த நோட்டுதான் எனக்கு இலக்கணம். பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டு. ஒரு பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “நவம்பர் 3. மூன்று புகைபோக்கியும். ஹாலில் இரண்டு வாளி கரி, ஒரு மைனாக் கூடு. சாப்பாட்டு அறையில் ஒரு செங்கல் ஆடுகிறது. கூலி 600, டீ, வடை.” அடுத்த வரி: “நவம்பர் 9. கொத்தனார் வந்து செங்கல் வைத்தார். 450.”

அந்த இரண்டாவது வரியைக் கவனியுங்கள். அது இல்லாமல் முதல் வரி மட்டும் இருந்திருந்தால் நோட்டே அவருக்கு எதிரியாகியிருக்கும். செங்கல் ஆடுவது தெரிந்தே தீ மூட்டினீர்கள் என்று கம்பெனி வக்கீல் அதையே படித்துக் காட்டுவார். குறையை எழுதினால், சரிசெய்ததையும் எழுதுங்கள். சரிசெய்யும்வரை அந்தக் கணப்பை மூட்டாதீர்கள், மூட்டவில்லை என்பதையும் எழுதிவிடுங்கள். என்ன விறகு, எத்தனை மாதம் காய்ந்தது என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. வேலைக்கு முன்னும் பின்னும் போனில் ஒவ்வொரு படம்.

நோட்டை மட்டும் கணப்பு மேடைமேல் வைக்காதீர்கள். ஒருவர் வைத்திருந்தார். பதினோரு வருஷக் கணக்கு அதில் இருந்ததாகச் சொன்னார்.